முகத்துவாரத்தில் ஒரு விடுமுறை நாள்

காலை 5.50. மட்டக்களப்பு ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் கண்டது, பாதிச் சில்லுவரை தண்ணீரில் நின்ற ஓட்டோக்களை. மார்கழி மழை விட்டிருந்தது, வெள்ளம் வடியவில்லை.

அவற்றில் ஒன்றைப் பிடித்து முகத்துவாரம் போனேன். வாவி கடலில் கலக்கும் இடம். மணல்திட்டு அதை அடைத்துக் கிடக்கும். வெள்ளம் ஏறினால் வெட்டிவிடுவார்கள். வெட்டினால் வயல் தப்பும், இறால் கடலுக்குப் போய்விடும். விவசாயிகளும் மீனவர்களும் திட்டில் நின்று சண்டை பிடிப்பார்கள், அதிகாரி தீர்த்துவைப்பார். அதுதான் வழக்கம்.

இப்போது கணினி தீர்க்கிறது. தொழில்நுட்பத்தில் பெரிய நாடுகளுடன் போட்டிபோட அயல்நாடுகள் சில கூடிச் செய்த உடன்படிக்கை இது. நீர்மட்டக் கருவிகள் இங்கே, கணிப்பு நிலையம் வேறொரு நாட்டில். அதை எழுதவே வந்திருந்தேன்.

7.15. திட்டின் மேல் இரண்டு கூட்டம். நடுவில், கைத்தொலைபேசியோடு, திட்டத்தின் தொழில்நுட்ப அலுவலர் நிரோஷா. வவுணதீவு விவசாயி யோகராசா மண்வெட்டியை ஊன்றி நின்றார். அவருடைய வயல்வட்டையில் நெற்கதிர் வெளிவரும் நேரம். பயிர் முழுவதும் தண்ணீருக்குள்.

"என்ன மகள், சொல்லிட்டாங்களா?"

"இல்ல ஐயா. அங்க இண்டைக்கு அரசாங்க லீவு. ஒருத்தரும் போன் எடுக்கிறாங்க இல்ல."

"தண்ணிக்கு ஆருகா லீவு குடுத்த?"

மீனவர் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "நாளைக்கும் லீவு போடச் சொல்லு தங்கச்சி, இறால் நல்லாப் படுகுது!"

சிரிப்பு எழுந்தது. யோகராசா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"கருவி இந்தா நிக்குது. மட்டத்தைப் பார்த்துச் சொல்லன் மகள்."

"மட்டம் தெரியும் ஐயா. கணிப்பு வராம வெட்ட அனுமதி தர மாட்டாங்க."

"அப்ப நாங்க நெல்லுக்குச் சொல்லுவம், மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கச் சொல்லி."

உடன்படிக்கையில் பொது விடுமுறைகள் பற்றி ஏதும் இருக்கிறதா என்று நிரோஷாவிடம் கேட்டேன். அப்படி ஒரு பிரிவு இல்லை என்றார்.

மறுநாள் பிற்பகல் 3.40க்குக் கணிப்பு வந்தது: உடனே வெட்டவும். மண்வெட்டிகள் இறங்கின. சிறு வாய்க்கால் வெட்டியதும் மிச்சத்தைத் தண்ணீரே அறுத்துக்கொண்டு போனது.

புறப்படுவதற்கு முன் வவுணதீவுக்குப் போனேன். வெள்ளம் வடிந்திருந்தது, பயிர் சேற்றில் சாய்ந்து கெட்டுக் கிடந்தது. யோகராசா தன் மாடுகளை நெல்லுக்குள் விட்டிருந்தார்.