சூடேறாத வீடு

என் கணவருக்குத் தெரியாத வேலை உலகத்தில் கிடையாது. கடைகளுக்குச் சாமான் அடுக்குகிற இறாக்கை பூட்டிக் கொடுப்பதுதான் அவருடைய தொழில். ஆனால் தண்ணீர்க் குழாய், கூரை ஒழுக்கு, மின்சாரம், மற்றவர்களின் கார் என்று எல்லாமே தன் இலாகாவுக்குள் வரும் என்பது அவரது எண்ணம். சட்டைப் பையில் பேனை இருக்கிறதோ இல்லையோ, கரண்ட் பார்க்கிற டெஸ்டர் இருக்கும். கல்யாண வீட்டுக்கும் அதோடுதான் வருவார்.

பிள்ளைகள் கல்யாணம் செய்து போனபிறகு, லண்டனில் மனோர் பார்க்கில் இருந்த மாடி வீட்டை விட்டுவிட்டு, செவன் கிங்ஸில் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். வந்தது கோடையில். சுவரில் பெட்டி பெட்டியாக ஹீற்றர்கள் இருந்ததைப் பார்த்தேன். அவற்றைப் பற்றி யார் அப்போது யோசித்தார்கள்? குளிர் வந்த பிறகுதான் இந்தக் கட்டிடத்தில் காஸ் இல்லை, எல்லாம் மின்சாரம் என்பது உறைத்தது. ஹீற்றர் பெட்டிக்குள் கனமான கற்கள் இருக்கின்றன. இரவில் மலிவாகக் கிடைக்கும் கரண்டில் அவை சூடேறி, மறுநாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை விட வேண்டும். நடைபாதை அலுமாரிக்குள் நிற்கும் சுடுதண்ணீர்த் தாங்கியும் அப்படித்தான், இரவில் சூடேறிப் பகலில் ஊற்ற வேண்டும். எங்கள் வீட்டில் கல்லும் சூடாகவில்லை, தண்ணீரும் சூடாகவில்லை.

நாங்கள் இருவர் மட்டும் என்றால் கம்பளியைச் சுற்றிக்கொண்டு சமாளித்திருப்போம். மகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். தலைப்பிள்ளை. பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியும்வரை தாயும் பிள்ளையும் என்னிடம் இருக்க வேண்டும், அவளுக்கு நானே மருந்துச் சரக்கு அரைத்துக் கறி காய்ச்சிக் கொடுக்க வேண்டும், நானே சுடச்சுடத் தண்ணீர் வார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குக் கல்யாணம் பேசின நாளிலிருந்தே மனதில் வைத்திருந்தேன். ஆனால் அவள் இருப்பது ஹரோவில், மாமியார் வீட்டில். அங்கே காஸ் உண்டு. குளியலறைத் தரைகூடச் சூடாக இருக்கும். சம்பந்தியம்மாவும் நல்ல மனுஷி. அவர் நல்ல மனுஷியாக இருப்பதுதான் எனக்குப் பெரிய இடைஞ்சல். கொஞ்சமாவது பொல்லாதவராக இருந்திருந்தால் மகள் தானாகவே என்னிடம் ஓடி வந்திருப்பாள்.

ஒருநாள் மகள் முட்டை வடிவத்தில் ஒரு விளக்கைக் கொண்டுவந்து, பிள்ளைக்கென்று ஒதுக்கிய அறையில் வைத்தாள். அறை குளிர்ந்திருந்தால் அது நீலமாக எரியும். பிள்ளைக்கு ஏற்ற சூடு இருந்தால் மஞ்சளாகும்.

"அம்மா, இது யெலோ ஆகினால் நான் இஞ்ச வாறன். புளூவிலேயே நிண்டால் ஹரோவிலதான் இருப்பன். பேபிக்குக் குளிர் ஒத்துவராது எண்டு மிட்வைஃப் சொன்னவ. கோவிக்காதேங்கோ."

நான் கோபிக்கவில்லை. அவள் போன பிறகு முட்டையைப் பார்த்துக் கோபித்தேன். அது நீலமாகவே இருந்தது.

என் கணவர் களத்தில் இறங்கினார். ஒரு மத்தியானம் ஹீற்றருக்குப் பக்கத்துச் சுவிட்சைக் கழற்றி, டெஸ்டரை வைத்துப் பார்த்தார். டெஸ்டர் எரியவில்லை.

"லைனிலேயே கரண்ட் இல்லை. வயர் செத்துப்போச்சு," என்றார், டொக்டர் வெளியே வந்து உறவினருக்குச் சொல்வதைப் போல.

கட்டிடத்தை நிர்வகிக்கும் அலுவலகத்துக்கு நான் போன் எடுத்தேன். ஒரு ஆள் வந்து பார்த்தார். வயரில் பிழை இல்லை, இந்த லைனில் இரவில் மட்டும்தான் கரண்ட் வரும், பகலில் டெஸ்டர் வைத்தால் எப்படி எரியும் என்று கேட்டுவிட்டுப் போனார். என் கணவர் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டு வந்து, "உது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுதோ எண்டுதான் பாத்தனான்," என்றார்.

அதன்பிறகு நாளுக்கு ஒரு கண்டுபிடிப்பு. கற்கள் ஈரம் குடித்துவிட்டன என்றார். ஹீற்றரில் இருந்த இரண்டு திருகிகளில் ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைத்தார், பிறகு இதைக் கூட்டி அதைக் குறைத்தார். பழைய குடியிருப்பாளர்மேல் சந்தேகப்பட்டார். காலையில் எழுந்ததும் ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவிட்சுகளைப் போட்டுவிட்டு, "பாரும், இண்டைக்கு வரும்," என்பார். பகல் முழுக்க ஹீற்றரைத் தடவித் தடவிப் பார்ப்பார். அவர் தடவிய சூடுதான் அதில் இருக்கும். நான் கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்து, வாளியில் விளாவிக் குளித்தேன். லண்டன் மாநகரத்தில் வாளியும் கோப்பையுமாகக் குளிக்கிற பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதைச் சொன்னால், "முதுகுக்கு நல்லது," என்பார்.

இதற்கிடையில் ஜெர்மனியில் அவருடைய ஒன்றுவிட்ட அக்காவின் மகனுக்குக் கல்யாணம். நாங்களும் லண்டனுக்கு வருமுன் அங்கேதான் இருந்தோம், அவர் போகாமல் இருக்க முடியாது. மகளுக்கு நாள் நெருங்கியதால் நான் போகவில்லை. போகும்போது, "ஒண்டையும் தொடாதையும். நான் வந்து பாக்கிறன்," என்று கட்டளை போட்டுவிட்டுப் போனார்.

நான் ஒன்றையும் தொடவில்லை. அவர் இல்லாத வீட்டில் ஏனோ நித்திரை மட்டும் வர மறுத்தது. காதில் எதுவோ விழ வேண்டும், அது விழவில்லை என்பது போல ஒரு குறை. புரண்டு புரண்டு படுத்து எப்படியோ கண்ணயர்ந்துவிட்டேன். காலையில் எழுந்து தரையில் கால் வைத்தபோது கால் கூசவில்லை. பிள்ளையின் அறையை எட்டிப் பார்த்தேன். முட்டை மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

ஹீற்றரில் கை வைத்தால் சுட்டது. குழாயைத் திறந்தால் ஆவி பறந்தது. அன்று நான் குளித்த குளிப்பை ஒரு குளிப்பு என்று சொல்ல முடியாது, அது திருவிழா. வந்துபோன அந்த ஆள்தான் ஏதோ சத்தமில்லாமல் திருத்தியிருக்கிறார் என்று நினைத்து, மகளுக்குப் படம் பிடித்து அனுப்பினேன். "யேய், வாறன் வாறன்," என்று பதில் வந்தது. அடுத்த நாளும் மஞ்சள். அதற்கடுத்த நாளும் மஞ்சள். சம்பந்தியம்மாவுக்கு நானாகவே போன் எடுத்து, எங்கள் வீடு இப்போது நல்ல கணகணப்பு என்று சுகம் விசாரிக்கிற சாக்கில் சொல்லிவைத்தேன்.

கணவர் திரும்பி வந்தார். அன்றிரவு எனக்குப் படுத்தவுடனேயே சுகமான நித்திரை. காலையில் முட்டை நீலம்.

"நான் இல்லாத நேரம் நீர் எதையோ திருகிப் போட்டீர்," என்றார் அவர்.

"நான் ஒண்டும் செய்யேல்ல அப்பா."

"ஒண்டும் செய்யாமல் எப்பிடிச் சூடு வந்து, பிறகு எப்பிடிப் போகும்?"

நியாயமான கேள்விதான். தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே யோசித்தேன். நான் உண்மையில் ஒன்றும் செய்யவில்லை. அப்படியென்றால், ஏதோ ஒன்றைச் செய்கிறவர் அந்த நாட்களில் வீட்டில் இல்லை. அவர் வந்த அன்றே எனக்கு ஏன் அவ்வளவு சுகமாக நித்திரை வந்தது? நான் கேட்டுப் பழகிய சத்தம் கேட்டது. டக். டக். டக்.

என் கணவர் படுக்கப் போகுமுன் வீடு முழுவதும் ஒரு சுற்று வருவார். சுவரில் இருக்கிற சுவிட்ச் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் கட்டிலுக்கு வருவார். டிவி, கேத்தில், சலவை மெஷின், எதுவும் அவரிடம் தப்பாது. பிள்ளைகள் படிக்கிற காலத்தில் இன்டர்நெட் பெட்டியையும் அணைத்து அவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். குளிர்சாதனப் பெட்டி ஒன்றுக்குத்தான் அவரிடம் மன்னிப்பு. மனோர் பார்க் வீட்டில் இருந்த காஸ் பொயிலரை இந்தச் சுற்று ஒன்றும் செய்யவில்லை. இங்கேயோ, இரவுக் கரண்ட் வருமுன் இவர் ஹீற்றரையும் தண்ணீர்த் தாங்கியையும் அணைத்துவிட்டு, அது நின்ற பிறகு காலையில் எழுந்து பக்தியோடு போட்டுவிடுகிறார். கள்ளனைப் பிடிக்க டெஸ்டரோடு அலைந்தவரே கள்ளன்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இனி என் சீவியம் முழுக்க, ஊர் முழுக்க, சொல்லிச் சொல்லிச் சிரிக்க எனக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தோடு தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுத்து, விஷயத்தைச் சொன்னேன்.

அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "அணைக்கிறது அணைக்கிறதுதானே. அதுக்கும் சூட்டுக்கும் என்ன?" என்றார். பிறகு தேத்தண்ணியைக் குடிக்காமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை படுக்கிற அறையில, சுவிட்சைப் போட்டபடி விட்டிட்டு எப்பிடி நித்திரை கொள்ளுறது?" என்று கேட்டார்.

என் சிரிப்பு அடங்கிவிட்டது. ஜெர்மனியில் அகதிகளுக்கான விடுதியில் நாங்கள் மேல்மாடியில் ஒற்றை அறையில் இருந்தோம். மகள் அப்போது கைக்குழந்தை. பக்கத்து அறைக்காரர்கள் உடுப்புக் காய்வதற்காக ஒரு சின்ன ஹீற்றரைப் போட்டபடி தூங்கிவிட, தீப்பிடித்துக்கொண்டது. இவர் மகளைத் தன் கோட்டுக்குள் வைத்துப் பொத்திக்கொண்டு புகைக்குள்ளால் படி இறங்கினார். எல்லோரும் தப்பிவிட்டோம். வெளியே பனியில் நின்றபோது, கோட்டை விலக்கி மகளின் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த இரவிலிருந்துதான் இந்த டக் டக். நான் இத்தனை வருடமும் அதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். அவர் ஏன் சுற்றுகிறார் என்பதை மறந்தும்விட்டேன்.

"இது அப்பிடிப்பட்ட ஹீற்றர் இல்லை, சுவரோட பூட்டினது. அந்த ஆள் பாத்திட்டுத்தானே போனவர்," என்றேன்.

"எனக்குத் தெரியும்," என்றார். இந்தத் தடவை அவர் அதைச் சொன்ன விதம் வேறு.

அன்றிரவு டக் டக் சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாகக் கேட்டது. காலையில் முட்டை மஞ்சள்.

பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்களிடம் வந்தார்கள். ஆனாலும் மகள் ஒரு பேச்சைப் பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். சம்பந்தியம்மாவின் மனமும் நோகக்கூடாதாம், பாதி நாள் இங்கே, பாதி நாள் ஹரோவில். நான் வாயை மூடிக்கொண்டு சரக்கு அரைத்தேன். உள்ளுக்குள் எனக்குப் பெரிய ஏமாற்றம்.

என் கணவர் படுக்கைக்கு வருவதை நிறுத்திவிட்டார். செய்தி பார்க்கிறேன் என்பார், கால் உளைவு என்பார். நானும் பிள்ளை வேலையில் களைத்துப்போய் விழுந்து படுப்பேன்.

மகள் ஹரோவுக்குப் போவதற்கு முதல்நாள் காலையில் எழுந்து வந்தேன். அவள் பிள்ளையைத் தோளில் போட்டபடி அறை வாசலில் அசையாமல் நின்றாள். வாசலுக்கு வெளியே, சாப்பாட்டு மேசைக் கதிரையில் அவள் அப்பா உட்கார்ந்தபடி நித்திரையாகிக் கிடந்தார். சட்டைப் பையில் டெஸ்டர். பக்கத்தில் நான் மா குழைக்கிற பெரிய சட்டி நிறையத் தண்ணீர்.

"நான் ஃபீடுக்கு எழும்பேக்குள்ள எல்லாம் அப்பா இதிலதான் இருக்கிறார்," என்றாள் மகள் மெதுவாக. "ஏனம்மா?"

கோட்டுக்குள் அவளைப் பொத்திக்கொண்டு படி இறங்கின கதையைச் சொன்னேன். அவளுக்கு அது இதுவரை தெரியாது. கேட்டுவிட்டுக் குனிந்து, பிள்ளையைத் தூங்குகிறவரின் நெஞ்சோடு சாய்த்து வைத்து, கையால் தாங்கிக்கொண்டு நின்றாள். அவருடைய கை, நித்திரையிலேயே எழுந்து வந்து பிள்ளையின் முதுகைப் பொத்தியது.

"ஹரோவுக்கு நான் போன் எடுத்துச் சொல்லுறன்," என்றாள். "முப்பத்தொண்டு முடியட்டும். மாமி வேணுமெண்டால் இஞ்ச வந்து நிக்கட்டும்."

என் கண் நிறைந்துவிட்டது. எங்கள் பேச்சுச் சத்தத்தில் அவர் விழித்துவிட்டார். நெஞ்சில் பேத்தியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பார்வை நேரே அறைக்குள் முட்டைக்குப் போனது.

"மஞ்சளோ?"

"மஞ்சள்தான்."

"வயரில ஒரு பிழையும் இல்லையெண்டு நான் அண்டைக்கே சொன்னனான்," என்றார்.

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, "ஓம், நீங்கள்தான் சொன்னனீங்கள்," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனேன்.