மாவுக்கட்டுக்குள் என் மகள்

எங்கள் மகளுக்கு ஏழு வயதாகியும் நடை வரவில்லை, பேச்சும் வரவில்லை. பிறந்தபோது வெகுநேரம் அழாமல் கிடந்த பிள்ளை. வளர வளர இரண்டு கால்களும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொண்டன. துணி மாற்ற நான் ஒரு முட்டியையும் என் மனைவி இன்னொன்றையும் பிடித்துப் பிரிக்க வேண்டும். தொடையிடுக்கு எப்போதும் புண்தான். ஆனாலும் முதுகுக்குத் தவிட்டு மூட்டையை அண்டக் கொடுத்தால் உட்காருவாள். தெருவில் மாடு போனால் சிரிப்பாள்.

புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் காட்டினோம். அவர் பிரெஞ்சில் சொன்னதை நர்ஸம்மா தமிழில் சொன்னாள்: "தொடை நரம்ப அறுத்துவிட்டா கால் பிரியும். நடக்கமாட்டா. துணி மாத்த லேசா இருக்கும்."

"வேணாங்க, வூட்டுக்குப் போயிடலாம்" என்றாள் மனைவி. நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

இடுப்பிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு. கால்களை அகட்டி நடுவில் ஒரு கட்டை. எங்கள் ஊர் செலியமேட்டுக்கு வண்டியில் கொண்டுவந்து, ஒருக்களித்துத்தான் வாசற்படிக்குள் நுழைக்க முடிந்தது. ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள்.

இரண்டாம் வாரம் அழுகை கூடியது. அறுத்த வலி என்று நினைத்தோம். பிறகு குறைந்தது. பழகிவிட்டாள் என்று நினைத்தோம். நாலாம் வாரம் ஒரு காலையில், முதுகுப்பக்கம் கட்டுக்குள் எறும்பு சாரைசாரையாகப் போவதை மனைவி பார்த்தாள்.

"இன்னாங்க இது?"

குனிந்தேன். நாற்றம்.

உடனே வண்டி கட்டினோம். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டைப் பிரித்தபோது இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். நடுவில் எலும்பு வெளுப்பாகத் தெரிந்தது.

"புள்ள அழலியா?" என்றாள் நர்ஸம்மா.

"அழுதா" என்றாள் மனைவி. "எப்பவும் அழுவுறவதானே. நாங்க இன்னாத்தக் கண்டோம்?"

புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. வீட்டுக்கு வந்தபின் ஒரு மத்தியானம் குளிப்பாட்டும்போது நான் தோளைத் தாங்கிக்கொள்ள, மனைவி இடது காலைத் தூக்கினாள். டக்கென்று ஒரு சத்தம். பிள்ளை வாயைத் திறந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அலறல் வந்தது. மனைவி காலைக் கீழே வைக்கவும் பயந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் இழுக்கல. நீங்க பாத்தீங்கல்ல? இழுக்கவே இல்ல."

"இல்லடி. நீ இழுக்கல."

அசையாமல் கிடந்ததில் எலும்பு பலமற்றுப் போய் முறிந்துவிட்டதாம். மறுபடி கட்டுப் போட வேண்டும் என்றார் டாக்டர். முடியாது என்று திரும்பிவிட்டோம். இருபுறமும் மணல் மூட்டை வைத்துப் படுக்கவைத்தோம். எலும்பு கோணலாகக் கூடியது. இடுப்பு மூட்டும் நழுவியது. கால்கள் மெல்ல மெல்லப் பழையபடி பின்னிக்கொண்டன.

அதற்குப் பிறகு அவளால் உட்கார முடியவில்லை. நான் தலையைத் தூக்கிப் பிடிப்பேன். மனைவி கஞ்சி ஊட்டுவாள். புரையேறும்போதெல்லாம் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்போம். அதைத் தவிர எங்களுக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. நாலாம் வருஷம் ஐப்பசி மழையில் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனாள். சுமக்க வேறு ஆள் தேவைப்படவில்லை. நானே தூக்கிக்கொண்டு போனேன்.