துறைமுக வாயிலில் நின்ற கப்பல்

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் மருந்து ஏற்றவேண்டிய நாள் அது. முந்தைய சுற்றே கடற்கொந்தளிப்பால் தள்ளிப்போயிருந்தது. இனியும் தள்ளலாகாதென்று மருத்துவர் எச்சரித்திருந்தார். நீல் தீவிலிருந்து காலையிலேயே கப்பலேறினோம். போர்ட் பிளேர் துறைமுக வாயிலை நெருங்கும் வேளையில் பெருமழை பிடித்துக்கொண்டது. கப்பல் நின்றுவிட்டது.

காரணம் கேட்டேன். தூத்துக்குடிக்காரரான கப்பல் ஊழியர் தலையிலடித்துக்கொண்டார்.

"ஜிபிஎஸ்ஸுக்குக் கிறுக்கு புடிச்சிருச்சு சாமி. நாம கரையில, சிப்பிகாட் ஊர்ல, பாக்குத் தோட்டத்துக்குள்ள நிக்கோமாம். எவனாச்சும் பொய் சிக்னல் விடுதானோ என்னவோ. ரேடார்லயும் மழைதான் தெரியுது. கரை கண்ணுல படாம கேப்டன் நகரமாட்டாரு."

"தோட்டந்தானே? இறங்கி ஆட்டோ பிடிச்சிரலாம், எந்திரிங்க" என்றாள் மனைவி.

சன்னல்கள் அடைத்த கூடம். டீசல் நெடி. முகக்கவசத்துக்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. அச்சம் மிகுந்தால் பதிகம் சொல்வது என் வழக்கம். நாக்கு தானாகவே பழகிய பாட்டொன்றைத் தொடங்கிற்று: இவ்வுடல் அழுக்குப் பொதி, இதை நம்பிக் கெட்டேன் என்று இறைவனிடம் அழும் பாட்டு.

"போதும். இதைக் காப்பாத்தத்தான் கப்பலேறி வந்திருக்கேன். நீங்க உக்காந்து அதையே வையுதீங்க."

உடலைக் கோயிலாகப் போற்றும் பாட்டும் எனக்கு மனப்பாடம்தான். அவ்வேளையில் அதன் முதலடி பிடிபடவில்லை. 

மருத்துவமனைச் செவிலியர் கைப்பேசியில் அழைத்தார். "அங்கிள், எங்க இருக்கீங்க? மருந்தைக் கலந்துட்டா இன்னைக்கே ஏத்தியாகணும், இல்லன்னா கொட்டத்தான் வேணும். அடுத்த பாட்டில் மெயின்லாண்ட்லேர்ந்து வரணும். கலக்கட்டுமா?"

எங்கே இருக்கிறோமென்பது கப்பலுக்கே தெரியாது. வெளியே வெள்ளைத் திரையாக மழை. இத்தனை காலம் தாங்கியவன் கைவிடமாட்டானென்று நெஞ்சு துணிந்தது.

"கலந்திடுங்கம்மா. ஆண்டவன் கொண்டுவந்து சேர்த்திருவான்."

மனைவி கைப்பேசியைப் பிடுங்கினாள். "ஆண்டவன் சேர்ப்பான், கேப்டன் சேர்க்கணுமே! கலக்காதீங்க சிஸ்டர். கரையில கால் வச்சதும் நானே கூப்பிடுதேன்."

மழை விட்டு, கரையிலுள்ள மரைன் ஹில் குன்று கண்ணில் பட்டபோது, மருந்து கலக்கும் பிரிவைப் பூட்டிவிட்டிருந்தார்கள். மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை வரை விடுதியறையில் அடைந்துகிடந்தோம். மருந்து கலக்கப்படாமல் பாட்டிலிலேயே பத்திரமாக இருந்தது. அது சேராத அவள் உடம்பில் நோய் அந்நேரம் என்ன செய்துகொண்டிருக்கும் என்பதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை.