மந்திரிக்காத மண்

மயிலாப்பூர்க் கடற்கரைக் குப்பத்தில் தேசம்மாவுக்குப் பயப்படாதவர் இல்லை. கூடையோடு லஸ் கடைத்தெரு வரை நடந்து மீன் விற்பாள். தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, வாங்காமல் போகிறவளை ஏழு தலைமுறைக்கும் சேர்த்து வைவாள். அப்பேர்ப்பட்டவள் ஒரு சங்கதியை மட்டும் மூன்று வருஷமாக மனசுக்குள்ளேயே போட்டுப் புழுங்கினாள்.

அவளுடைய ஒரே பிள்ளை செத்தே பிறந்தது. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்கு மந்திரித்த கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று சாமியார் கையை விரித்துவிட்டார். பெற்ற வயிறு சட்டம் பார்க்குமா? மழை கொட்டிய ஒரு மத்தியானம், மாதா கோயில் மதிலுக்கு வெளியே, பழைய பறங்கியர் கோட்டை அகழியின் கரையில் தன் கையாலேயே தோண்டிப் புதைத்தாள். கோயில் மணிச் சத்தமாவது பிள்ளைக்குக் கேட்கட்டும் என்றுதான். புருஷன் லூர்துசாமிக்குக்கூட இடத்தைக் காட்டவில்லை.

1934-இல் அந்த அகழியை ஆராய சர்க்கார் ஆட்கள் வந்து இறங்கினார்கள். தூர்ந்துபோன அகழி எவ்வளவு ஆழம் என்று பார்க்கக் கரையைக் குறுக்கே வெட்டப் போகிறார்களாம். முளையடித்துக் கயிறு கட்டினார்கள். கயிறு நேரே அவள் பிள்ளையின் மேலேயே போயிற்று.

தேசம்மா மீன் கூடையைப் போட்டுவிட்டு மண் கூடை தூக்கப் போனாள். நாத்தனார் சூசையம்மாவும் அங்கே வேலைக்கு வந்திருந்தாள். தேசம்மா மேஸ்திரி கோதண்டபாணியிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

“அந்தாண்ட வெட்டேன் நைனா. எல்லாம் ஒரே மண்ணுதானே.”

“இன்னாத்துக்கு? பொதையல் வச்சிக்கீறியா இங்க?” என்று அவன் சிரித்தான்.

உண்மையைச் சொன்னால் சாமியார் காதுக்குப் போகும். பிள்ளையைத் தோண்டி எங்கே வீசுவார்களோ, பாவிகள். சாப்பாட்டு வேளையில் எல்லோரும் நிழலுக்கு ஒதுங்கினார்கள். வலை காயப்போட முளையடித்துப் பழகிய கை அவளுடையது. முளைகளைப் பிடுங்கி, கயிறு தொய்யாமல், பத்தடி தள்ளி நட்டுவிட்டாள். மாதாவே, இந்த ஒரு தடவை கண்ணை மூடிக்கோ என்று வேண்டிக்கொண்டாள்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. புதிய கோட்டிலேயே மண்வெட்டி இறங்கியது. தேசம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. முழங்கால் ஆழம் போனதும், வெட்டிக்கொண்டிருந்த வேலு நிமிர்ந்தான்.

“மேஸ்திரி, துணி மூட்டை ஒண்ணு கீது. உள்ள சின்னச் சின்ன எலும்பு.”

கரையின் மறுகோடியில் மண் கொட்டிக்கொண்டிருந்த சூசையம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பள்ளத்தில் பாய்ந்தாள். மூட்டையின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். “வெட்டாதண்ணே. எம்புள்ள அது. உசுரில்லாம பொறந்துச்சு, யாராண்டயும் சொல்லல.”

பிறகு மண் அப்பிய முகத்தைத் தூக்கி மேலே பார்த்தாள். “காத்தால கயிறு அந்தாண்டதானே இருந்துச்சு அண்ணி. பாத்துட்டு நிம்மதியா இருந்தனே. யாரு மாத்துனாங்க?”

தேசம்மா பள்ளத்தில் இறங்கினாள். நாத்தனாரின் பக்கத்தில் மண்டியிட்டுச் சிதறியதையெல்லாம் மண்ணோடு சேர்த்து முந்தானையில் அள்ளினாள்.

“நான்தாண்டி,” என்றாள். “எம்புள்ள அங்க கீறான்.”