முந்தானையில் முடிந்த மாத்திரை

காலண்டர் தாளை நாலாகக் கிழித்து, ஒரு துண்டில் மூன்று மாத்திரைகளை வைத்து, இரண்டு பக்கமும் மடித்து, மிச்சமிருக்கும் வாலை உள்ளே செருகிவிட்டால் ஒரு பொட்டலம். எத்தனை உதறினாலும் பிரியாது. வெள்ளையாக ஒரு சின்ன மாத்திரை, மஞ்சளாக இன்னொன்று, வயிறு புண்ணாகாமல் இருக்க ஒரு கேப்சூல். மூன்றும் சேர்ந்து 'ஒரு செட்'. உடம்பு வலிக்கு ஒரு செட் என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள், யாருக்கு எதற்கு என்று விசாரிக்க மாட்டார்கள். சின்னம்மாவின் முந்தானை முடிச்சில் அப்படி ஒரு பொட்டலம் எப்போதும் இருந்தது. அதை மடித்துக் கொடுத்தது நான்தான்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்தவள். நீடாமங்கலத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். நடவுக்குப் பெண்களைச் சேர்த்து அழைத்துப் போவது அவள் வேலை. பன்னிரண்டு பேர் அவள் பின்னால் போவார்கள், எந்த வயலில் எப்போது இறங்குவது என்று அவள்தான் பேசி முடிப்பாள். நான் பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா இருந்த மாதங்களில் பக்கத்துக் கடைத்தெருவில் ஒரு மெடிக்கலில் சொல்லிச் சேர்த்துவிட்டாள். முதலாளி எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் வேலை அந்த மடிப்பு. நடவு சீசனில் காலையில் கடை திறந்ததும் ஐம்பது அறுபது பொட்டலம் மடித்துத் தகர டப்பாவில் போட்டு வைப்பேன். வேகமாக மடிக்கிறேன் என்று முதலாளி பாராட்டினார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இதற்கெல்லாம் ஒரு மருந்துச் சீட்டு ஆதாரமாக இருந்தது. ஒரு மழைக்காலத்தில் முட்டி வீங்கி நடக்க முடியாமல் போனபோது சின்னம்மா தஞ்சாவூரில் ஒரு டாக்டரைப் பார்த்தாள். அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் இரண்டாம் நாளே வீக்கம் வடிந்துவிட்டது. அப்படி ஒரு கைராசிக்காரரின் சீட்டைத் தொலைக்கலாமா? ரேஷன் கார்டோடு சேர்த்து அதையும் லேமினேட் செய்துகொண்டு வந்துவிட்டாள். யாருக்கு முதுகு வலித்தாலும் அந்தச் சீட்டுதான் கடைக்கு வரும். 'ஐந்து நாள்' என்று டாக்டர் எழுதியிருந்தது பிளாஸ்டிக்குக்கு அடியில் பளிச்சென்று தெரியும். நானும் அதைப் பலமுறை படித்திருக்கிறேன். ஐந்து நாளுக்கு எழுதிய சீட்டு ஆறு வருஷம் ஓடியது.

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரிக்கக்கூடும். காலை ஏழு மணிக்குச் சேற்றில் இறங்கிக் குனிந்தால் மத்தியானம்வரை நிமிராமல் பின்னாலேயே நகர வேண்டும். அந்த இடுப்புக்கு மறுநாளும் வேலை இருக்கிறது. அதனால் எங்கள் பக்கம் நடவு பேசும்போது பத்து மணி டீ, வடையோடு மாத்திரையும் பேச்சில் வந்துவிடும். டீயை வாங்கியதும் பெண்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிப்பார்கள். நிலத்துக்காரர்களும் அதை ஒரு நல்ல காரியமாகத்தான் நினைத்தார்கள். போகப் போக, நடவு இல்லாத நாளிலும் சின்னம்மாவுக்குக் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று தேவைப்பட்டது. போடாவிட்டால் உடம்பு முறுக்குகிறது என்பாள்.

அப்புறம் அவள் முகம் மாறத் தொடங்கியது. ஒட்டியிருந்த கன்னம் உப்பியது, தாடை மறைந்தது, முகம் வட்டமாகப் பளபளத்தது. கோயிலில், கல்யாணத்தில், பார்த்தவர்கள் எல்லாம் 'நல்லாத் தேறிட்டியே' என்றார்கள். வளர்த்த பெண்ணான என்னைத் தஞ்சாவூரில் மருந்தாளுநர் படிப்புக்குச் சேர்த்துவிட்ட பூரிப்பு என்றார்கள். சின்னம்மா கண்ணாடி பார்க்கிற ஆள் இல்லை, ஆனால் அந்த நாட்களில் பார்த்தாள். வாழ்நாள் முழுக்க எலும்பும் தோலுமாக இருந்தவளுக்கு அந்தக் கன்னம் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. ஒரு சிராய்ப்பு ஆற மாதக்கணக்கில் ஆகிறது என்பதும், நாலு படி ஏறினால் தொடை நடுங்குகிறது என்பதும் எங்கள் கண்ணில் பட்டும் படவில்லை.

படிப்பின் இரண்டாம் வருஷம், ஒரு புரட்டாசி மாதத்துக் காலை. வகுப்பில் ஸ்டீராய்டு மருந்துகளைப் பற்றிப் பாடம். நீண்ட நாள் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று சொல்லி, ஆசிரியை திரையில் ஒரு படத்தைக் காட்டினார். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். வட்டமாக, உப்பி, பளபளப்பாக. நான் சின்னம்மாவைத்தான் பார்த்தேன். செட்டில் இருந்த அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையும் ஸ்டீராய்டுதான். எலும்பு பொடியாகும், சர்க்கரை ஏறும் என்று அவர் சொல்லச் சொல்ல என்னால் உட்கார முடியவில்லை. வயிற்று வலி என்று பொய் சொல்லி எழுந்து, புத்தகத்தைக்கூட மூடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அந்தப் பாடத்தில் இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அந்த அரை மணியில் அவர் என்ன சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்குப் போனதும் முடிச்சில் இருந்தது, அரிசிப் பானையில் இருந்தது, சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது என்று எல்லாப் பொட்டலத்தையும் அடுப்பில் போட்டேன். லேமினேட் செய்த சீட்டைக் கத்தரியால் வெட்டினேன். என் தலையில் கையை வைத்து இனி ஒன்றுகூடப் போட மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னேன். சின்னம்மா ஒன்றும் புரியாமல் என் முகத்தையே பார்த்தாள். படிக்கிற பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கையை வைத்தாள். அன்று சாயங்காலம் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த நினைப்பை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் போனில் குமட்டுகிறது என்றாள். நாலாம் நாள் தலை சுற்றுகிறது, கால் எழும்பவில்லை என்றாள். பழகிய மாத்திரையை விட்டால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே தீர்மானித்துக்கொண்டேன். அவள் குரல் கம்மியிருந்தது. 'ஒரே ஒண்ணு போட்டுக்கட்டா பாப்பா? நடவு ஒத்துக்கிட்டிருக்கேன்' என்று கேட்டாள். நான் சத்தியத்தை நினைவுபடுத்தினேன். பொறுத்துக்க சின்னம்மா, இன்னும் ரெண்டு நாள்தான் என்றேன். மறுநாள் காலை பாதி வயல் நட்டிருக்கும்போது, கையில் நாற்றோடு அப்படியே சேற்றில் சாய்ந்துவிட்டாளாம். மற்றப் பெண்கள் வெயிலில் மயக்கம் என்று நினைத்துச் சோடா தெளித்திருக்கிறார்கள். சத்தியத்தைப் பற்றி அவள் சொல்லியிருக்காவிட்டால், அவர்களே தங்கள் பொட்டலத்தில் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டிருப்பார்கள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குக் கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. இரத்த அழுத்தம் தரைக்கு இறங்கிவிட்டது என்றார்கள். டியூட்டியில் இருந்த டாக்டரம்மா என்ன மாத்திரை, எத்தனை வருஷம் என்று கேட்டார். சொன்னேன். அவர் கோபப்படாமல் விளக்கினார். உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஒன்றை இந்த மாத்திரை இத்தனை வருஷம் வெளியிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்ததாம். உடம்பு தன் வேலையை மறந்துவிட்டதாம். இதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், ஒரேயடியாக விட்டால் உயிரே போய்விடும் என்றார். கடைசியில் கேட்டார்: 'யாரு நிறுத்தச் சொன்னது?'

நான் வாயைத் திறக்கும் முன்பு கட்டிலில் இருந்து சின்னம்மா முந்திக்கொண்டாள். தானே நிறுத்தியதாகச் சொன்னாள். டாக்டரம்மா நகர்ந்த பிறகு என் கையைத் தேடிப் பிடித்து, 'நீ பொறுத்துக்கன்னு சொன்னே, பொறுத்துக்கிட்டேன்' என்றாள். அதில் குறை சொல்லும் தொனியே இல்லை. சொன்னதைச் செய்தேன் என்று கணக்கு ஒப்பிக்கிற குரல். அவள் என்னைத் திட்டியிருக்கலாம் என்று எத்தனையோ முறை ஏங்கியிருக்கிறேன்.

பிழைத்துக்கொண்டாள். நான் வெறுத்த அதே மாத்திரையை, அளவைத் துளித் துளியாகக் குறைத்து, ஒன்றரை வருஷம் என் கையால் கொடுத்தேன். முகம் பழையபடி ஒட்டியதும் ஊரில் 'என்ன இப்படி உருகிட்டே' என்று துக்கம் விசாரித்தார்கள். ஆனால் எலும்பு எலும்பாக இல்லை. வாசலில் லேசாக வழுக்கியதற்கே இடுப்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவள் வயலில் இறங்கவில்லை. போன தை மாதம் போய்ச் சேர்ந்தாள்.

இன்று நான் ஒரு சின்ன அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். பயம் என் சுபாவமாகிவிட்டது. பஸ்ஸில் யார் முகமாவது வட்டமாகப் பளபளத்தால் அவர்கள் கை மெலிந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். கல்யாண வீட்டில் யாராவது 'தேறிட்டியே' என்றால் இலையில் கை ஓடுவதில்லை. என் வீட்டுக்காரர் இதற்காக என்னைக் கேலி செய்யாத நாளில்லை.

சென்ற வாரம் ஒரு மத்தியானம், டாக்டர் முகாமுக்குப் போய்விட்ட நேரம், ஒரு நடவுப் பெண் ஜன்னலுக்கு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பொட்டலத்தை நீட்டி, இதேபோல இலவசமாகக் கிடைக்குமா என்று கேட்டாள். காலண்டர் தாள், வால் உள்ளே செருகிய அதே மடிப்பு. நான் ஏறிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். எத்தனை நாளாக என்று கேட்டேன். மூன்று வருஷமாம், தினமும். பொட்டலத்தைப் பிடுங்கிக் குப்பையில் எறிய என் கை துடித்தது. அன்று பொட்டலங்களைப் போட்ட அடுப்பு பக்கத்து மேசையில் எரிவதுபோல் இருந்தது.

அந்தக் கையாலேயே பொட்டலத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். 'இத நிறுத்திடாதீங்க. நாளைக்குக் காலையில போட்டுக்கிட்டே டாக்டரப் பார்க்க வாங்க' என்றேன். 'அப்ப இது நல்ல மாத்திரைதானேம்மா?' என்றாள். இல்லை என்றேன், ஆனால் திடீரென்று விடக்கூடாது என்றேன். பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு முடிந்துகொண்டு போனாள். அவள் வரமாட்டாள் என்றும், கடையில் போய் அரசு ஆஸ்பத்திரியிலேயே சாப்பிடச் சொன்னார்கள் என்று சொல்வாள் என்றும் நினைத்து இரவெல்லாம் தூக்கமில்லை. மூன்றில் எது நடந்தாலும் அதில் என் பங்கு இருக்கும் என்று தோன்றியது: விட்டால் ஒன்று, விடாவிட்டால் ஒன்று, அரைகுறையாகக் கேட்டுக்கொண்டால் இன்னொன்று.

மறுநாள் எட்டு மணிக்கு ஜன்னலைத் திறந்தேன். அவள் வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் அவளோடு நடவுக்குப் போகிற பத்துப் பெண்களும் நின்றார்கள். 'இவங்களும் தெனம் போடறாங்கம்மா. அதான் கூட்டியாந்தேன்' என்றாள். ஒவ்வொருத்தியாக முந்தானையை அவிழ்த்து ஜன்னல் விளிம்பில் பொட்டலத்தை வைத்தார்கள். நான் டாக்டரைக் கூப்பிட எழுந்தவள், ஒரு நொடி நின்று அந்த முகங்களைப் பார்த்தேன். ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாரும் நன்றாகத் தேறியிருந்தார்கள்.