எட்டாவது கையெழுத்து

ஜெகபர் அலியின் உயரம் ஐந்தடி நாலரை அங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அவரைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும், "இவரா பாஸ்கட்பால் கோச்சு?" என்றுதான் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று கால் வெந்துபோன ஒருவருக்கு நாலாவது பிள்ளையாகப் பிறந்து, பந்தைத் தட்டியே படித்து முடித்து, திண்டுக்கல்லிலேயே ஒரு காலேஜில் வேலைக்கு உட்கார்ந்த மனிதர். பி.டி. சார் என்றால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரியும்.

பதினைந்து வருஷமாக ஜூன் மாதம் அவருக்கு ஒரே வேலைதான். அட்மிஷன் நடக்கும் ஆபீஸ் ரூமின் கதவு நிலையில் ஆறடி உயரத்தில் ஒரு பச்சைக் கோடு போட்டு வைத்திருந்தார். அப்பன்மார் பீஸ் கட்ட வரிசையில் நிற்பார்கள், இவர் பிள்ளைகளின் உச்சந்தலையையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பார். எவன் தலையாவது கோட்டைத் தொட்டுவிட்டால் போதும், அவன் கூடைப்பந்தைக் கண்ணால் பார்த்திராதவனாக இருந்தாலும் தோளில் கை போட்டுவிடுவார். கை எட்டாது, அது வேறு விஷயம்.

ஆனால் நன்றாக ஆடுகிற ஒருத்தன்கூடப் படிப்பு முடியும்வரை அவரிடம் தங்கியதில்லை. யார் காரணம் என்கிறீர்கள்? அவரேதான். ரயில்வே, போலீஸ், மில்லு என்று எங்கே டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தாலும், ராத்திரி பகலாக உட்கார்ந்து, "இவன் நல்ல ஆட்டக்காரன், நல்ல குடும்பத்துப் பையன்" என்று சிபாரிசுக் கடிதம் எழுதிவிடுவார். பையன்களும் வேலை கிடைத்துப் போய்விடுவார்கள். டீம் ஒவ்வொரு வருஷமும் மொட்டையாகும். "சோறு போடாத ஆட்டத்த ஆடி என்னலே செய்யப் போறீக?" என்பார். இப்படியும் ஒரு கோச்சு உண்டா என்று மற்ற காலேஜ்காரர்கள் கேலி செய்வார்கள்.

1986-ஆம் வருஷம் ஜூனில் காலேஜ் திறந்தபோது நிலைமை படுமோசம். முதல் ஐந்து பேரில் மூன்று பேர் லீவிலேயே வேலைக்குப் போய்விட்டான்கள். மிச்சம் இருந்தவன் கேப்டன் பொன்னுச்சாமி. சின்னாளபட்டிக்காரன், நாலு பேப்பர் அரியர். இன்னொருவன் நாச்சிமுத்து. தொப்பம்பட்டிப் பக்கத்துப் பையன், ஆறடி மூன்றங்குலம், அப்பா இல்லை, அம்மா கண்ணம்மாள் காட்டு வேலை. இந்த இருவர் போக, பெஞ்சில் உட்கார்ந்தே இரண்டு வருஷத்தை ஓட்டிய இரண்டு பேர். புதிதாகச் சேர்ந்ததில் நாலு பேரைப் பிடித்தார். அதில் ஒருத்தனுக்குக் கண்ணாடியைக் கழற்றினால் ரிங்கே தெரியாது. இன்னொருத்தன் பந்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஆக மொத்தம் எட்டு.

அந்த எட்டும் சும்மா வந்த எண்ணிக்கை இல்லை. போன வருஷம் மதுரையில் ஆடும்போது ஐந்தாவது ஃபவுல் வாங்கி ஒவ்வொருத்தனாக வெளியே போக, கடைசி நாலு நிமிஷம் மூன்றே பேர் நின்று ஆடித் தோற்றார்கள். ஊரே சிரித்தது. பிரின்சிபால் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"சார், இந்தத் தடவை எட்டுப் பேரு என் முன்னாடி வந்து எலிஜிபிலிட்டி பாரத்துல கையெழுத்துப் போடணும். சீசன் தொடங்குற வரைக்கும் அந்த எட்டு அப்படியே நிக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் பாஸ்கட்பாலை மூடிருவோம். சைக்கிள் ஸ்டாண்டுக்கு இடம் இல்லாம நானே முழிச்சுக்கிட்டு இருக்கேன்."

சைக்கிள் ஸ்டாண்டு! கல்லையும் முள்ளையும் தன் கையால் பொறுக்கிப் போட்டு, சிமெண்டுக்கு நாயாய் அலைந்து, ஜெகபர் அலி உண்டாக்கிய கோர்ட் அது. அவருக்கும் மனைவி சைதூனுக்கும் குழந்தை இல்லை. மீதியை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஜூலை இருபத்தொன்று, திங்கட்கிழமை கையெழுத்து என்று முடிவாயிற்று. பதினேழாம் தேதி, வியாழக்கிழமை மத்தியானம், ஆபீஸ் தபாலோடு ஒரு நீளக் கவர் அவர் மேஜைக்கு வந்தது. மெட்ராஸில் ஒரு தொழிற்சாலையின் பெயர் மூலையில் அச்சடித்திருந்தது. பெறுநர்: நாச்சிமுத்து. மார்ச் மாதம் அவரே சிபாரிசு எழுதி அனுப்பிய இடம்தான்.

வழக்கமாகப் பையன்கள் விண்ணப்பத்தில் காலேஜ் விலாசத்தைத்தான் போடுவார்கள், 'மேற்பார்வை: பி.டி.' என்று. காட்டுக்குள் இருக்கும் ஊர்களுக்குத் தபால் போய்ச் சேர்வது நிச்சயம் இல்லை. கவர் வந்ததும் இவர் பிரிக்கமாட்டார். அடுத்தவன் கடிதத்தைப் பிரிப்பது பாவம் என்பது அவர் அத்தா சொல்லி வளர்த்தது. அப்படியே கையில் பிடித்துக்கொண்டு கிளாஸ் ரூமுக்கு ஓடுவார். பதினைந்து வருஷமும் ஓடினார்.

அன்றைக்கு ஓடவில்லை. இதைக் கொடுத்தால் நாச்சிமுத்து போய்விடுவான். போனால் எட்டு ஏழாகும். எப்போதும் செலக்‌ஷனுக்குப் பதினைந்து நாள் தவணை கொடுப்பார்கள், ஒரு தடவைகூடத் தவறியதில்லை. திங்கட்கிழமை கையெழுத்து முடிந்து, பாரம் போனதும் கொடுத்துவிட்டால் என்ன குடி முழுகிவிடப் போகிறது? அதற்குப் பிறகு ஒருத்தன் குறைந்தாலும் பிரின்சிபாலிடம் பேசிச் சமாளித்து, சீசனுக்குள் இன்னொரு தலையைத் தேடிப் பிடித்துக்கொள்ளலாம். நாலே நாள்தானே. கவரை அலமாரியில் ஸ்கோர் புத்தகத்துக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.

அந்தக் கவரில் முதலில் எழுதியிருந்த விலாசம் அடிக்கப்பட்டு, வேறு மையில் காலேஜ் விலாசம் எழுதியிருந்தது. பார்த்தார். பார்த்தும் அவருக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போனார், மனசு நிற்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்தது. நாச்சிமுத்து போட்ட பந்தெல்லாம் காற்றில் விலகி விலகிப் போனது. "சாரு, காத்து நின்னாப் பாருங்க, எல்லாம் உள்ள போகுமுங்க" என்று சிரித்தான். ஜெகபர் அலியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது சைதூனிடம் சொல்லிவிட்டார். அவள் அகப்பையை அப்படியே வைத்துவிட்டாள்.

"என்னங்க செஞ்சு வச்சிருக்கீக? ஊரான் புள்ள சோத்துல கைய வைக்கலாமா? இப்பவே போயிக் குடுத்துட்டு வாங்க."

"நாளைக்குக் குடுத்துர்றேன் சைதூன். பதினஞ்சு நாளு டயம் இருக்கும். எனக்குத் தெரியாதா?"

"இம்புட்டு வருசம் நல்லவுகளா இருந்துட்டு..." என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் எழுந்து போய்விட்டாள்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு எட்டுப் பேரும் பிரின்சிபால் முன்னால் வரிசையாக நின்றார்கள். எட்டாவதாக நாச்சிமுத்து, மேஜைக்குக் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டான். ஜெகபர் அலிக்கு மூச்சு வந்தது.

வெளியே வந்ததும், "ஏலே, உனக்கு ஒரு லெட்டர் வந்திருக்கு" என்று கவரைக் கொடுத்தார். அவன் பிரித்துப் படித்தான். திரும்பவும் படித்தான்.

"சாரு, பத்தொம்பதாந்தேதி காலையில பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்குதுங்க. சனிக்கிழமைங்க. போச்சுங்க சாரு."

ஜெகபர் அலி கடிதத்தைப் பிடுங்கிப் பார்த்தார். ஜூலை நாலாம் தேதி போட்ட கடிதம். பையன் லீவில் விண்ணப்பம் போட்டதால் ஊர் விலாசத்தைக் கொடுத்திருக்கிறான். கடிதம் தொப்பம்பட்டிப் பக்கம் போய், எழுதப் படிக்கத் தெரியாத கண்ணம்மாள் நாலு இடத்தில் விசாரித்து, காலேஜுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி, பதினைந்து நாளில் பதிமூன்று நாள் வழியிலேயே கழிந்துவிட்டிருந்தது. வியாழக்கிழமையே கொடுத்திருந்தால் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிப் போயிருப்பான். அட பாவி மனுஷா, அந்த அடித்த விலாசத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்திருக்கக் கூடாதா?

மெட்ராசுக்குத் தந்தி கொடுத்தார். டிரங்க் கால் போட்டுக் கெஞ்சினார். ஆள் எடுத்தாகிவிட்டது என்றார்கள்.

அடுத்த வாரம் நாச்சிமுத்து டி.சி. கேட்டு வந்துவிட்டான். வேலை வருமென்ற நம்பிக்கையில்தான் கண்ணம்மாள் இவ்வளவு நாள் அவனை விட்டு வைத்திருந்தாள். இனி முடியாது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மாமன் சொல்லி, கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லாரியில் லோடு ஏற்ற ஆளாகச் சேர்த்துவிட்டான். டி.சி. விண்ணப்பம் மேஜைக்கு வந்த அன்றைக்கே பிரின்சிபால் எலிஜிபிலிட்டி பாரத்தை எடுத்து, எட்டாவது பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். வேறொருத்தனைப் பிடித்துத் தருகிறேன் என்ற ஜெகபர் அலியிடம், "சொன்னது சொன்னதுதான் சார்" என்றார். சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஆட்கள் வந்து கோர்ட்டை அளந்துவிட்டுப் போனார்கள். எதற்காக அந்தப் பாவத்தைச் செய்தாரோ, அதுவும் கையை விட்டுப் போயிற்று.

டி.சி. வாங்க விளையாட்டுத் துறைக் கையெழுத்தும் வேண்டும். நாச்சிமுத்து ஜெர்சியைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தான்.

"நாச்சிமுத்து..." என்று ஆரம்பித்தார் ஜெகபர் அலி. நாலு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள்தான்.

"உட்டுப்போடுங்க சாரு. நீங்க என்ன பண்ணுவீங்க? எங்கூருப் போஸ்ட்மேன் பண்ணுன வேலைங்க. எங்கம்மா போயி அவரைச் சந்தியில நிறுத்திக் கேட்டுப்போடுச்சுங்க. மண்ணை வாரி இறைச்சுச் சாபம் உட்டுப்போட்டு வந்துச்சுங்க. உங்க பி.டி. சாரு கையில நேரா வந்திருந்தா அன்னிக்கே ஓடியாந்து குடுத்திருப்பாருன்னு சொல்லி அழுதுச்சுங்க."

ஜெகபர் அலி வாயைத் திறந்தார். "ஆமாப்பு" என்றுதான் வந்தது. "அந்த ஆளு லேட் பண்ணிட்டான்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவன் குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனான்.

சாயங்காலம் சைதூன் தட்டு வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் புள்ளைக்கிட்டச் சொல்லிட்டீகளா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. உட்டுப்போடுங்க சாருன்னுட்டான்."

சைதூன் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தங்கமான புள்ள. நீங்களும் மறைக்காமச் சொல்லிட்டீக. அல்லா மன்னிச்சுருவான், சாப்பிடுங்க" என்று சொல்லிச் சோற்றைப் போட்டாள்.

ஜெகபர் அலி சாப்பிட்டார்.