நாலு மடிப்புக்குள்ள ஒரு வார்த்தை

அறுநூறு. இந்த நம்பரை மனசுல வச்சுக்கோங்க. பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணோட கீழ்த்தளத்துல ஒரு சலவைக்கூடம். அங்க ரெண்டு பொம்பளைங்க ஒரு ஷிப்டுல மடிச்சு அடுக்கற பெட்ஷீட் அறுநூறு. இதை மூளை வேண்டாத வேலைன்னு சொல்றவங்க ஒரு நாள் வந்து நூறு மடிச்சுட்டு அப்புறம் பேசட்டும்.

அந்த ரெண்டு பேர்ல ஒருத்திக்கு நாலுமடின்னு பேரு. பெத்தவங்க வச்சதில்லை, கூட வேலை பாக்கறவங்க வச்சது. எந்த பெட்ஷீட்டையும் நாலே மடிப்புல முனையோட முனை ஒட்டி வச்சுடுவா. எதிர் முனையைப் பிடிக்கறது அவ நாத்தனார், புருஷனோட தங்கச்சி. வாய் நீளம். கை அதைவிட வேகம்.

நாலுமடிக்கு வயசு நாப்பத்திநாலு. அதே ஆஸ்பத்திரி நடத்தற லேப் டெக்னீசியன் படிப்புல சேரணும்னு ஆசை. இருபது வருஷமா ரத்தக்கறையைத் துவைச்சாச்சு, இனி அந்த ரத்தத்துல என்ன இருக்குன்னு பாக்கற இடத்துக்குப் போகணும். நாப்பத்தஞ்சு ஆயிட்டா விண்ணப்பமே வாங்க மாட்டாங்க. நுழைவுத்தேர்வு வருஷத்துக்கு ரெண்டு தடவை. ஆக, அவளுக்கு இருந்தது ரெண்டே வாய்ப்பு. கணக்கும் அறிவியலும் தண்ணி பட்ட பாடு. இடிச்சது இங்கிலீஷ் வார்த்தைப் பகுதி. கஷ்டமான வார்த்தை நூறு கொடுப்பான், அர்த்தம் தெரியணும். அறுபதுக்குக் கீழ போனா, மத்ததுல எவ்வளவு வாங்கியிருந்தாலும் நடையைக் கட்டு.

படிக்க நேரம் ஏது? வேலைக்குள்ளதான் நேரத்தைத் தேடிப் பிடிச்சா. ஆயிரம் வார்த்தையைப் பட்டியல் போட்டு, தான் நிக்கற இடத்துக்குப் பின்னாடி சுவத்துல ஒட்டினா. நாத்தனார் கண்ணுக்கு மட்டும் தெரியும். பெட்ஷீட்டை விரிச்சு ரெண்டு பேரும் விலகி நிக்கும்போது நாத்தனார் ஒரு வார்த்தை சொல்லுவா. முனையைக் கொடுக்க நாலுமடி நடந்து வந்து சேரறதுக்குள்ள அர்த்தம் வந்துடணும்.

"ஃப்ரூகல்."

"சிக்கனமா இருக்கறது. உங்கண்ணன்."

"எங்கண்ணன் கஞ்சன், அண்ணி. அதுக்குக் கீழ வேற வார்த்தை இருக்கு. அடுத்தது, அப்ஸ்டினேட்."

"பிடிவாதம். அது உங்க மொத்தக் குடும்பம்."

"அந்தக் குடும்பத்துக்குத்தானே கழுத்தை நீட்டுனீங்க? முனையைப் பிடிங்க."

ஒரு நாள் சூப்பர்வைசர் வந்து நின்னாரு. "இது சலவைக்கூடமா, டியூஷன் சென்டரா? அந்தப் பேப்பரைக் கிழிங்க."

"கிழிச்சுடலாம் சார்," அப்படின்னா நாத்தனார். "அதுக்கு முன்னாடி நேத்து மடிச்சதை எண்ணிட்டு வாங்க."

எண்ணினாரு. அறுநூத்தி முப்பது. மனுஷன் வந்த வழியே போயிட்டாரு, பேப்பர் சுவத்துலயே இருந்துச்சு.

முதல் தேர்வுல வார்த்தைப் பகுதியில நாலுமடி வாங்கினது நாப்பத்தி ஒண்ணு.

கேள்வித்தாளைப் பாத்ததும் மண்டை காலின்னு சொன்னா. நாத்தனார் நம்பலை. வீட்டுல சாப்பாட்டு மேஜையில உக்கார வச்சு "ஃப்ரூகல்?"னு கேட்டா. நாலுமடி பேய்முழி முழிச்சா. எந்திரிக்கச் சொல்லி கையில ஒரு பெட்ஷீட்டைக் கொடுத்துட்டு மறுபடி கேட்டா. நடந்து வந்த ரெண்டாவது அடியிலயே பதில் விழுந்துச்சு. பட்டியலோட வரிசையை மாத்திக் கேட்டா அதுவும் வரலை.

"அண்ணி, நீங்க மண்டையில படிக்கலை. காலுல படிச்சிருக்கீங்க!"

"விடுடி. எனக்கு மடிக்கத்தான் வரும்போல."

"வாயைக் கழுவுங்க. முறைதான் தப்பு, ஆள் தப்பில்லை. கத்தரிக்கோல் எங்க?"

மறுநாளே சுவத்துப் பட்டியலை ஆயிரம் துண்டா வெட்டி, துவைச்ச தலையணை உறை ஒண்ணுல போட்டுக் குலுக்கினாங்க. அன்னியிலேருந்து டீ இடைவேளையில நாலுமடி ஒரு துணித்தொட்டியைக் கவுத்துப் போட்டு உக்காருவா. ரெண்டு கையும் தொடைக்கு அடியில. கை ஆடக்கூடாது, கால் ஆடக்கூடாது. போறவங்க வர்றவங்க எல்லாம் உறைக்குள்ள கைய விட்டு ஒரு துண்டை எடுத்து நீட்டுவாங்க. இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவங்களும் நீட்டினாங்க. பதிலை மட்டும் நாத்தனார் பக்கத்துல நின்னு சரிபாத்தா. மெஷின் ஓட்டறவர் மக்கர் பண்ற மெஷினை "ஏ அப்ஸ்டினேட்டு!"ன்னு திட்டவே ஆரம்பிச்சுட்டாரு. நாலாவது மாசம் சூப்பர்வைசரும் வந்து, யாரும் பாக்கலைன்னு நினைச்சுக்கிட்டு, ஒரு துண்டை எடுத்தாரு.

"மிட்டிகேட்," அப்படின்னாரு.

"கஷ்டத்தைக் குறைக்கறது சார். நீங்க இதுவரைக்கும் செய்யாதது."

கூடமே சிரிச்சுது. அவரும் சிரிச்சாரு.

ரெண்டாவது தேர்வு வந்தப்ப அவளுக்கு நாப்பத்தஞ்சு ஆக மூணே வாரம். ஹால்ல போய், பழக்கதோஷத்துல கையைத் தொடைக்கு அடியில வச்சு உக்காந்திருக்கா. எழுதக் கை வேணுமேன்னு கேள்வித்தாள் வந்தப்பதான் உறைச்சிருக்கு.

மார்க் வந்த அன்னிக்கு, மாடியில நோட்டீஸ் போர்டைப் போய்ப் பாக்க மாட்டேன்னுட்டா. பெட்ஷீட்டை மடிச்சுக்கிட்டே இருந்தா. சூப்பர்வைசரே படியேறிப் போய் எழுதிக்கிட்டு வந்தாரு. அவர் தலை தெரிஞ்சதும் மெஷின் ஓட்டறவர் எல்லா மெஷினையும் நிறுத்தினாரு. பழுதாகாம அந்த மெஷினுங்க மொத்தமா நின்னது இருபது வருஷத்துல அன்னிக்குத்தான்.

"சத்தமா படிங்க சார்," அப்படின்னா நாத்தனார். "கடைசி மேஜை வரைக்கும் கேக்கணும். இதுல எல்லாருக்கும் பங்கு இருக்கு."

சூப்பர்வைசர் தொண்டையைச் சரிபண்ணிக்கிட்டாரு.

எண்பத்தி ஆறு.